வியட்நாமிலிருந்து சரக்கு இறக்குவது: பெங்களூரு வியாபாரிகள் கேட்கும் கேள்விகள்

சிக்பேட்டை, அவென்யூ ரோடு, சிவாஜிநகர், பீன்யா பக்கம் கடையோ குடோனோ வைத்திருக்கும் நம்மாட்களில் வியட்நாம் பேச்சை எடுக்காதவர் இப்போது குறைவு. பர்னிச்சர், கிஃப்ட் ஐட்டம், பை, பீங்கான் என்று தொழில் வேறாக இருந்தாலும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். இறக்குமதிக் காகிதங்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் என் பதில்கள் இவை.

எல்லோரும் வியட்நாம், வியட்நாம் என்கிறார்களே, அங்கே என்னதான் இருக்கிறது?

1986-ல் 'டோய் மோய்' என்ற பெயரில் பொருளாதாரத்தைத் திறந்தார்கள். 2007-ல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தார்கள். அதன்பின் ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தம்: பசிபிக் நாடுகளோடு ஒன்று, 2020-ல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒன்று. சாம்சங் வடக்கே பாக் நின்னிலும் தாய் நுயென்னிலும் பெரிய ஆலைகள் வைத்திருக்கிறது. தெற்கே ஹோ சி மின் நகரைச் சுற்றி, பின் யுவாங், டோங் நாய் பக்கம் மரச்சாமான், செருப்பு, ஆடை, பை. கடலோரம் குய் நொன்னில் தோட்டத்து நாற்காலி, மேசை. ஹனோய்க்குப் பக்கத்தில் பாட் ட்ராங் என்ற பீங்கான் கிராமம்.

ஆனால் செய்தியில் வரும் அந்தப் பெரிய ஆலைகள் உங்களுக்காகக் கதவு திறக்காது. அவை உலக பிராண்டுகளுக்கென்றே ஓடுகின்றன. நமக்கு வேண்டியவை நூறு, இருநூறு பேர் வேலை செய்யும் நடுத்தர ஆலைகள்.

முகவரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 2025 ஜூலை 1 முதல் 63 மாகாணங்களை 34 ஆக இணைத்துவிட்டார்கள். பின் யுவாங் இப்போது ஹோ சி மின் நகரத்துக்குள் வந்துவிட்டது. அதனால் ஒரே ஆலைக்குப் பழைய காகிதத்தில் ஒரு முகவரி, புதியதில் இன்னொன்று இருக்கும். அது மோசடி என்று பதற வேண்டாம். ஆனால் எல்லாக் காகிதத்திலும் ஒரே முகவரி வரும்படி சொல்லிவிடுங்கள்.

சீனாவைவிட மலிவா?

பெரும்பாலும் இல்லை. ஜிப், கீல், மோட்டார், பிளாஸ்டிக் உதிரி எல்லாம் அவர்களே சீனாவிலிருந்துதான் வாங்குகிறார்கள். அப்படி வாங்கிப் பூட்டிய பொருள் எப்படி அதைவிட மலிவாக இருக்கும்? ரப்பர் மரம், அகேசியா மரத்தில் செய்த சாமான், கைவேலைப் பீங்கான், பிரம்பு, தைத்த பை போன்றவற்றில் வியட்நாம் நன்றாக நிற்கும். எஸ்.பி. ரோட்டில் விற்கும் சார்ஜர், கேபிள் வகையறாவுக்கு அங்கே போவது வீண் செலவு.

விலைப்பட்டியலைப் பார்த்து வியட்நாமைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே லாபம் இருக்கிறதென்றால் அது நம் பக்கத்துச் சுங்க வரியில்தான் ஒளிந்திருக்கிறது. கீழே வருகிறேன்.

முதல் வேலை என்ன? ஆலை தேடுவதா?

இல்லை. முதலில் எச்.எஸ். கோடு, அதாவது சுங்கத்துக்காகப் பொருட்களை வகைப்படுத்தும் எண். உங்கள் பொருள் எந்த எட்டு இலக்க எண்ணில் விழுகிறது என்று ஒரு கஸ்டம்ஸ் புரோக்கரிடம் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். அந்த எண்ணை வைத்து மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: வரி எவ்வளவு, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் சான்று கட்டாயமா, வெளிநாட்டு வர்த்தகத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகமான டி.ஜி.எஃப்.டி.யின் இறக்குமதிக் கொள்கையில் அது 'தாராளம்' என்று இருக்கிறதா, 'கட்டுப்பாடு' என்று இருக்கிறதா.

இந்த மூன்றாவது விஷயத்தை ஊதுபத்திக்காரர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பெங்களூருக்கும் மைசூருக்கும் வியட்நாமிலிருந்து வாசனை சேர்க்காத பத்தி மலைபோல் வந்துகொண்டிருந்தது. 2019 ஆகஸ்ட் 31-ல் ஒரே அறிவிக்கையில் ஊதுபத்தியைக் 'கட்டுப்பாடு' பட்டியலுக்கு மாற்றினார்கள். லைசென்ஸ் இல்லாமல் இறக்க முடியாமல் போனது. அடுத்த ஆண்டு ஜூனில் மூங்கில் குச்சியின் வரியை 10 சதவீதத்திலிருந்து 25 ஆக்கினார்கள். உள்ளூர்க் கைத்தொழிலுக்கு அது நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. முன்பணம் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டவரின் நிலைமையை மட்டும் யோசியுங்கள்.

சின்ன அளவில்தானே கொண்டுவருகிறேன், பி.ஐ.எஸ். எனக்குமா?

விற்பதற்குக் கொண்டுவந்தால் உங்களுக்கும்தான். பொம்மைக்கு 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். பல வகைச் செருப்பு, மின்சாதனம், சமையலறைப் பாத்திரம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. சில ஆணைகளை இடையில் திரும்பப் பெறவும் செய்தார்கள். நாற்காலி, மேசை, கட்டில் போன்ற பர்னிச்சருக்கு 2025-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஆணைகள் அமலாகும் தேதி தள்ளிப்போவது சகஜம். ஆர்டர் கொடுக்கும்போது ஒருமுறை, கப்பலேறும் முன் ஒருமுறை என்று இரண்டு தடவை பாருங்கள்.

பலருக்கும் புரியாத இடம் இதுதான்: லைசென்ஸ் வாங்க வேண்டியது நீங்கள் இல்லை, அந்த வெளிநாட்டு ஆலை. பி.ஐ.எஸ். அதிகாரிகள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். உங்கள் ஒரு கன்டெய்னருக்காக எந்த ஆலைக்காரரும் இவ்வளவும் செய்யமாட்டார். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் போட்டுப் பாருங்கள். ஆலையின் பெயரோடு முகவரியும், உங்கள் பொருளின் ரகமும் அந்த லைசென்ஸில் இருக்கிறதா என்பதும் முக்கியம்.

வரியை எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு மாதிரிக் கணக்கு. சரக்கு, கப்பல் வாடகை, காப்பீடு எல்லாம் சேர்ந்த மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். அடிப்படைச் சுங்க வரி 20 சதவீதம் என்றால் 2,00,000. அதன்மேல் பத்து சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி, 20,000. ஆக 12,20,000. இதன்மேல் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 2,19,600. கட்ட வேண்டியது மொத்தம் 4,39,600 ரூபாய்.

அதே பொருள், வியட்நாமும் உறுப்பினராக இருக்கும் ஆசியான் கூட்டமைப்போடு இந்தியா செய்த ஆசியான்–இந்தியா ஒப்பந்தத்தில் சுழிய வரிக்குத் தகுதி பெற்றால் அடிப்படை வரியும் இல்லை, கூடுதல் வரியும் இல்லை. ஐ.ஜி.எஸ்.டி. 1,80,000 மட்டும். ஐ.ஜி.எஸ்.டி.யை நீங்கள் உள்ளீட்டு வரியாக (விற்கும்போது கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்து) எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்பதால் கையை விட்டுப் போகும் பணத்தில் வித்தியாசம் 2,20,000. பத்து லட்சம் சரக்கில் இது சின்னத் தொகையா? பல ஐட்டங்களில் உங்கள் மொத்த லாபமே இவ்வளவுதான் இருக்கும்.

எல்லாப் பொருளுக்கும் சுழியம் என்று நினைத்துவிட வேண்டாம். சிலவற்றுக்கு வரி குறையும், சிலவற்றை ஒப்பந்தத்திலேயே சேர்க்கவில்லை. சில பொருளுக்கு விவசாய உள்கட்டமைப்பு வரி என்று இன்னொன்றும் உண்டு. சிறு வியாபாரிகளுக்கான ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு உள்ளீட்டு வரி கிடையாது, ஐ.ஜி.எஸ்.டி. முழுவதும் செலவுதான். அவர்கள் இந்த வேலையில் இறங்கும் முன் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது.

அந்தச் சலுகை வரிக்கு என்ன காகிதம் வேண்டும்?

'ஃபார்ம் ஏ.ஐ.' என்ற பூர்விகச் சான்றிதழ். வியட்நாமில் அதற்கென்று அதிகாரம் பெற்ற அரசு அலுவலகங்கள் தருகின்றன. சரக்கு கப்பலேறும் சமயத்தில், அல்லது அதிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் வாங்கிவிட வேண்டும். தாமதமானால் 'பின்தேதியில் வழங்கப்பட்டது' என்ற குறிப்போடுதான் வரும். அது செல்லும், ஆனால் கேள்வி வரும்.

சான்றிதழ் இருந்தால் போதும் என்ற காலம் 2020-ஓடு முடிந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 21 முதல் 'கரோட்டார்' என்ற பூர்விகச் சோதனை விதிகள் அமலில் இருக்கின்றன. பொருள் உண்மையிலேயே அங்கேதான் உற்பத்தியானது என்பதற்கான விவரத்தை இறக்குமதியாளரான நீங்களே கையில் வைத்திருக்க வேண்டும், அதுவும் ஐந்து வருடத்துக்கு. பொதுவான அளவுகோல் இரண்டு சேர்ந்தது: மதிப்பில் குறைந்தது 35 சதவீதம் ஆசியான்–இந்தியா பகுதிக்குள் உருவாகியிருக்க வேண்டும். மூலப்பொருளின் எச்.எஸ். எண்ணும் முடிந்த பொருளின் எண்ணும் ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். சீனாவிலிருந்து பாதி முடிந்த நாற்காலியை வரவழைத்து நாலு திருகு போட்டு அனுப்பினால் அது வியட்நாம் நாற்காலி ஆகாது.

சுங்கத்துறை ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்டால், குடகு மிளகுத் தோட்டக்காரர்களைக் கேளுங்கள். வியட்நாம் மிளகு இலங்கை வழியாகச் சுற்றி, இலங்கை மிளகு என்ற பெயரில் குறைந்த வரியில் வருகிறது என்று அவர்கள் வருடக்கணக்காகப் புகார் சொன்னார்கள். 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையே வைக்க வேண்டியதாயிற்று. கரோட்டாருக்கு அது ஒன்றே காரணமில்லை, ஆனால் அந்த நினைவு இன்னும் இருக்கிறது.

என் அபிப்பிராயம்: ஆலைக்காரர் இந்த விவரங்களைத் தரத் தயங்கினால், அவர் விலை எவ்வளவு இனித்தாலும் விட்டுவிடுங்கள். "சார், சர்டிஃபிகேட் தர்றோம், அது போதும்" என்பவரிடம் பெரும்பாலும் மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது.

எதிரே பேசுவது ஆலையா, புரோக்கரா என்று எப்படித் தெரியும்?

வியட்நாமில் ஒவ்வொரு கம்பெனிக்கும் பத்து இலக்கப் பதிவு எண் உண்டு, வரி எண்ணும் அதுவேதான். அதைக் கேளுங்கள். அரசின் தொழில் பதிவுத் தளத்தில் போட்டால் பெயர், முகவரி, பொறுப்பாளர் தெரியும். பிறகு வீடியோ காலில் ஆலையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், அதுவும் நீங்கள் சொல்லும் நேரத்தில். அங்கே வாட்ஸ்அப்பைவிட 'ஸாலோ'தான் அதிகம் ஓடுகிறது, போட்டுக்கொள்ளுங்கள்.

புரோக்கர் என்றால் தள்ளிவிட வேண்டும் என்பதில்லை. ஐந்து ஆலைகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒரு கன்டெய்னர் நிரப்ப நல்ல டிரேடிங் கம்பெனி பெரிய உதவி. தான் ஆலை என்று பொய் சொல்பவரோடுதான் தகராறு. பர்னிச்சர்காரர்களுக்கு ஹோ சி மின் நகரில் மார்ச் மாதம் நடக்கும் 'விஃபா எக்ஸ்போ' நல்ல தொடக்கம்.

குறைந்தது ஒரு கன்டெய்னர் என்கிறார்கள், என்ன செய்வது?

ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பிப் பழகிய கைகள், அதனால் சின்ன ஆர்டரில் அக்கறை வராது. இருபது அடிக் கன்டெய்னரில் நடைமுறையில் 28 கன மீட்டர் அளவு அடுக்கலாம். இரண்டு மூன்று கடைக்காரர்கள் சேர்ந்து எடுப்பது பெங்களூரில் சாதாரணம். ஆனால் சுங்கத்தின் முன் இறக்குமதியாளர் ஒருவர்தான்: யாருடைய ஐ.இ.சி. எண்ணில் (இறக்குமதி–ஏற்றுமதிப் பதிவு எண்) வருகிறதோ அவர். மற்றவர்கள் அவரிடமிருந்து ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்க வேண்டும். மச்சான், சித்தப்பா என்ற உறவில் வாய்க்கணக்காக விட்டால், சரக்கில் குறை வந்த அன்று உறவும் போகும்.

பில் சி.ஐ.எஃப். ஆகப் போடட்டுமா, எஃப்.ஓ.பி. ஆகவா?

சி.ஐ.எஃப். என்றால் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்த்து விற்பவர் விலை சொல்வது; எஃப்.ஓ.பி. என்றால் அங்கே கப்பலில் ஏற்றுவது வரைதான் அவர் பொறுப்பு. எஃப்.ஓ.பி. வாங்குங்கள், சரக்கைக் கொண்டுவரும் ஏஜென்டான ஃபார்வர்டரை நீங்களே வையுங்கள். சி.ஐ.எஃப்.பில் கப்பல் வாடகை சல்லிசாகத் தெரியும், குறிப்பாகப் பகிர்வு கன்டெய்னரில். சென்னைக்கு வந்து சேர்ந்ததும் டெலிவரி ஆர்டர் கட்டணம், பிரித்துக் கொடுக்கும் கட்டணம், ஆவணக் கட்டணம், டெர்மினல் கட்டணம் என்று வரிவரியாக ஒரு பில் நீளும். அங்கே குறைத்த வாடகையை இங்கே வசூலிக்கிறார்கள். சரக்கு அவர்கள் கையில் இருக்கும்போது பேரம் பேச உங்களுக்கு என்ன பலம் இருக்கிறது? எஃப்.ஓ.பி. என்றால் இந்தக் கட்டணங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடலாம்.

சென்னையிலேயே கிளியர் செய்வதா, வைட்ஃபீல்டுக்குக் கொண்டுவருவதா?

வைட்ஃபீல்டு உள்நாட்டுக் கன்டெய்னர் டிப்போவுக்கு ரயிலில் வரும், சுங்க வேலை இங்கேயே முடியும். சந்தேகம் வந்தால் நீங்களே நேரில் போய் நிற்கலாம். ஆனால் ரயில் காத்திருப்பு உண்டு. சென்னையில் கிளியர் செய்து லாரியில் ஏற்றினால் ஏறக்குறைய 350 கிலோமீட்டர், ஓர் இரவில் வந்துவிடும். காலிக் கன்டெய்னரை எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். முதல் கன்டெய்னருக்கு வைட்ஃபீல்டு, பழகிய பிறகு சென்னை என்பேன்.

எதுவானாலும் சுங்கத்துறையில் தாக்கல் செய்யும் இறக்குமதிக் காகிதமான பில் ஆஃப் என்ட்ரியைத் தாமதிக்காதீர்கள். முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன்பின் 10,000 ரூபாய் என்று அபராதம் ஓடும். சரக்கு எடுக்காமல் கிடக்கும் நாட்களுக்கான டெமரேஜ் தனி.

பணம் எப்படி அனுப்புவது பாதுகாப்பு?

வழக்கம் 30 சதவீதம் முன்பணம், பாக்கி 70, சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீதான பில் ஆஃப் லேடிங் நகலைப் பார்த்த பிறகு. பெரிய தொகை என்றால் எல்.சி. (காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) திறக்கலாம், ஆனால் எல்.சி. காகிதத்தைத்தான் பார்க்கும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. எல்லாம் உங்கள் வங்கி வழியாகத்தான் போக வேண்டும். சரக்கு வந்ததும் பில் ஆஃப் என்ட்ரியை வங்கிக் கணக்கோடு பொருத்தி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை பணம் அனுப்பும்போது நிறுத்துவார்கள்.

பாக்கி அனுப்ப வேண்டிய நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்" என்று மெயில் வந்தால் கையை எடுங்கள். மெயில் முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது அவர்கள் மெயிலையே யாரோ திறந்திருப்பார்கள். ஏற்கெனவே தெரிந்த நம்பருக்கு வீடியோ கால் போட்டு, முகத்தைப் பார்த்துக் கேட்ட பிறகு அனுப்புங்கள். கணக்கின் பெயரும் இன்வாய்ஸில் உள்ள கம்பெனிப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

தரத்தை யார் பார்ப்பது?

பாக்கிப் பணம் போகும் முன், பேக்கிங் முடிந்த நிலையில், மூன்றாம் தரப்பு ஆள் பார்க்க வேண்டும். எஸ்.ஜி.எஸ்., இன்டர்டெக், பீரோ வெரிட்டாஸ் எல்லாருக்கும் அங்கே கிளை இருக்கிறது. 'ஏ.க்யூ.எல்.' என்ற மாதிரி எடுக்கும் முறையில் பார்ப்பார்கள். உதாரணத்துக்கு 2,000 பை என்றால் வழக்கமான அளவில் 125 எடுத்துப் பார்ப்பார்கள். 2.5 என்ற வரம்பில் பெரிய குறை 7 வரை இருந்தால் பாஸ், 8 ஆனால் ஃபெயில். 'பெரிய குறை' எது என்பதை நீங்கள் படத்தோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தையல் பிரிவதா, நிறம் மங்குவதா, ஜிப் சிக்குவதா? எழுதாவிட்டால் அவர்கள் கணக்கில் அது சின்னக் குறை.

மரத்தில் இன்னொன்று. ஹோ சி மின் பக்கம் காற்றிலேயே ஈரம். பெங்களூரில் பிப்ரவரி, மார்ச்சில் காற்று காய்ந்துபோகும். சரியாக உலர்த்தாத மேசைப் பலகை இங்கே வந்து சில வாரத்தில் சேரும் இடத்தில் வாய் பிளக்கும். சூளையில் உலர்த்தியது என்ற வார்த்தையோடு நிற்காமல், ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் என்று ஆர்டரிலேயே போடுங்கள். சோதனைக்குப் போகிறவர் ஈரமானியை மேல் பலகையில் மட்டும் வைக்காமல் காலிலும் அடிச்சட்டத்திலும் வைத்து, எண் தெரியும்படி படம் எடுக்கச் சொல்லுங்கள். மலிவான, காயாத கட்டை அங்கேதான் போகும்.

மரப் பெட்டி, பேலட் வந்தால், மரத்தில் பூச்சி நீக்கியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாவரத் தனிமைப்படுத்தல் பிரிவில் மாட்டும்.

லேபிள் இங்கே ஒட்டிக்கொள்ளலாமா?

அங்கேயே ஒட்டச் சொல்லுங்கள், கூலி குறைவு. சில்லறைப் பொட்டலத்தில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாடு, தயாரித்த மாதம்–வருடம், அளவு, எம்.ஆர்.பி., புகார் நம்பர் வேண்டும். எடையளவுச் சட்டத்தின் கீழ் இறக்குமதியாளர் பதிவும் தேவை.

எந்த மாதம் ஆர்டர் கொடுக்கக் கூடாது?

'டெட்' என்ற அவர்களுடைய புத்தாண்டு ஜனவரி மூன்றாம் வாரத்துக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையே வரும். நம் பொங்கல், தீபாவளி இரண்டையும் சேர்த்தாற்போல் ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். விடுமுறைக்குப் பின் பழைய ஆட்கள் எல்லாரும் திரும்பி வருவதும் நிச்சயமில்லை. டெட்டுக்கு முந்தைய வாரங்களில் அவசர அவசரமாக முடித்த சரக்கில்தான் பாலிஷ் ஒட்டும், தையல் கோணும். நம் தீபாவளி விற்பனைக்கு வேண்டியதை ஏப்ரல், மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

நேரில் போக வேண்டுமா? மொழி?

முதல் பெரிய ஆர்டருக்கு முன் போங்கள். இ-விசா 90 நாள் வரை தருகிறார்கள். ஆலையில் ஆங்கிலம் தெரிந்த ஒரு விற்பனைப் பெண் இருப்பார், முதலாளிக்குத் தெரியாது. ஆகவே முக்கியமானதை எழுத்தில், எண்ணில், படத்தில் வையுங்கள். சைகோன், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரம், நமக்குப் புது ஊரில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே நகரத்தார் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்தியிருக்கிறார்கள். நகர மையத்தில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது, உள்ளூர் வியட்நாமியர் கூட்டமும் அங்கே உண்டு.

சரக்கு கெட்டுப்போய் வந்தால் கேஸ் போடலாமா?

போடலாம். இரண்டு நாடுகளும் நியூயார்க் நடுவர் தீர்ப்பு உடன்படிக்கையில் இருக்கின்றன, ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் நடுவர் மன்றம் என்று எழுதலாம். ஆனால் பத்து லட்சத்துக்கு நடுவர் மன்றம் போனால் செலவு சரக்கைத் தாண்டும். கையில் நிற்கும் பாக்கித் தொகையும் அடுத்த ஆர்டரும்தான் உண்மையான பிடி.

காப்பீடு எடுத்திருந்தால், கன்டெய்னர் கதவைத் திறக்கும் முன் சீல் எண்ணைப் படம் எடுங்கள், பில் ஆஃப் லேடிங்கில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள், முதல் வரிசைப் பெட்டி இறங்குவதிலிருந்து வீடியோ ஓடட்டும். நனைந்த பெட்டி கண்ணில் பட்டால் அப்படியே நிறுத்தி சர்வேயரைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் குடோனில் அடுக்கிவிட்டு மறுவாரம் கூப்பிட்டால், நனைந்தது கப்பலிலா உங்கள் குடோனிலா என்றுதான் முதலில் கேட்பார்.